இந்தச் சரக்கு ஏன் இங்கே வந்தது?

புது வீட்டுக்குக் குடிபோகும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வீட்டுக்கு வேண்டிய சாமான்களை எல்லாம் தள்ளுபடிக் கடையிலேயே வாங்கிவிட்டால் செலவு பாதியாகக் குறையுமா? போன தடவை போய் நாலு பை நிறைய வாங்கி வந்தோம். ஆறு மாதத்தில் பாதி குப்பைக்குப் போய்விட்டது. மீதியில் சிலவற்றை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. எங்கே தப்பு செய்தோம்?"

தள்ளுபடிக் கடைகளுக்குச் சரக்குக் கொள்முதல் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். செலவு நிச்சயம் குறையும். அந்தக் கடைகளில் நல்ல பொருள் நிறையவே இருக்கிறது. என் வீட்டுக் கண்ணாடி டம்ளர்களும் துண்டுகளும் சாமான் போட்டு வைக்கும் பெட்டிகளும் பெரும்பாலும் அங்கே வாங்கியவைதான். நீங்கள் செய்த தப்பு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எத்தனை சதவீதம் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது, இந்தச் சரக்கு ஏன் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது என்பதை. கொள்முதல் செய்கிறவர் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

மலிவுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, கடை தன் செலவைக் குறைத்துக்கொள்வது. ஜெர்மனியில் கார்ல், தியோ என்ற ஆல்பிரெக்ட் சகோதரர்கள் தங்கள் தாயார் நடத்திய சிறிய மளிகைக் கடையிலிருந்து வளர்த்ததுதான் ஆல்டி என்ற தள்ளுபடிக் கடைச் சங்கிலி. அங்கே சரக்கை எடுத்து அழகாக அடுக்குவதில்லை. வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் முப்பதாயிரம் வகைப் பொருள் இருக்கும் என்றால், இங்கே சுமார் இரண்டாயிரம்தான். வகை குறைவானால் ஒவ்வொரு வகையிலும் வாங்கும் அளவு மலைபோல் ஆகிறது. தயாரிப்பாளரிடம் விலையை அடித்துப் பேச முடிகிறது. பொட்டலத்தின் பல பக்கங்களிலும் பார்கோடு பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், பில் போடுகிறவர் பொருளைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டாம் என்பதற்காக. இப்படி ஒவ்வொரு இடத்திலும் சில நொடிகளையும் சில காசுகளையும் மிச்சம் பிடித்து அதை விலையில் கழிக்கிறார்கள். அமெரிக்காவில் வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூன்றும் முதல் கடையைத் திறந்தது ஒரே வருடத்தில், 1962-ல். ஒரு பொருளில் குறைந்த லாபம், அதிக விற்பனை என்பதுதான் அவற்றின் கணக்கு. இந்த மாதிரிக் கடையில் பொருள் மலிவாக இருப்பதற்குப் பொருளில் உள்ள குறை காரணமில்லை. அதனால் இங்கே கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருளைத் தைரியமாக ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். பிடித்தால் தொடரலாம்.

இரண்டாவது காரணம், தேங்கிய சரக்கு. நான் அதிகம் பழகியது இதில்தான். பெரிய பிராண்டு ஒன்று பத்தாயிரம் சட்டைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு கடைசி நேரத்தில் ரத்து செய்யும். குளிர்காலம் தாமதமாக வந்து ஸ்வெட்டர் விற்காமல் போகும். சோப்பு பழைய சோப்பாகவே இருக்க, உறையின் டிசைன் மட்டும் மாறும். பழைய உறையில் உள்ளதைப் பெரிய கடைகள் திருப்பி அனுப்பிவிடும். மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும் மட்டும் மிஞ்சிப்போய், நடு அளவெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும். இப்படித் தேங்கியதைத்தான் தள்ளுபடிக் கடைக்காரர்கள் வந்த விலைக்கு எடுக்கிறார்கள். பொருளில் ஒரு குறையும் இருக்காது. அதன் நேரம் மட்டும் தவறிப்போயிருக்கும். உங்களுக்கு வேண்டிய அசல் மலிவு இதுதான்.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒரு பழக்கம் உண்டு. சீசன் முடிவில் மலிவாகக் கிடைத்த சரக்கை உடனே கடையில் வைக்காமல், கிடங்கில் போட்டு வைத்து அடுத்த வருடம் அதே சீசனில் இறக்குவார்கள். துணிக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. பருத்திச் சட்டை பெட்டிக்குள் ஒரு வருடம் கிடந்தால் என்ன ஆகிவிடும்? கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான், நல்ல மரம், காகிதம் எல்லாம் அப்படியே. ஆனால் சில பொருள்கள் சும்மா இருந்தாலே வயதாகும். ரப்பர், எலாஸ்டிக், பசை, பேட்டரி, முகத்துக்குப் பூசும் கிரீம், சன்ஸ்கிரீன் இவையெல்லாம் அந்தக் கூட்டம்.

இதை நான் ஒரு ஜோடி ஷூ மூலம் கற்றுக்கொண்டேன். நல்ல பிராண்டு, தோல் பளபளவென்று இருந்தது, பாதிக்கும் குறைந்த விலை. விசேஷ நாளுக்கு என்று பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். முதல் தடவை போட்டுக்கொண்டு போன அன்று, நடக்க நடக்க அடிப்பாகம் காய்ந்த பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்தது. படிக்கட்டில் கறுப்புத் துண்டுகளாகத் தடம். வீடு திரும்பும்போது ஒரு காலில் அடிப்பாகமே இல்லை. பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆன அடிப்பாகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். அதனால் தள்ளுபடிக் கடையில் ஷூ எடுத்தால் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்ப வேண்டும். பிசுபிசுப்பு, வெடிப்பு, நகத்தில் ஒட்டும் தூள், இதில் ஏதாவது தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஷூவை இரண்டு கையாலும் வளைத்து, மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் கோட்டையும் பாருங்கள். பசை விட்டுப்போயிருந்தால் அங்கே வாய் பிளக்கும்.

மூன்றாவது காரணம்தான் உங்களை ஏமாற்றியிருக்க வேண்டும். அது, மலிவுக் கடைக்கென்றே செய்யப்பட்ட சரக்கு. அதே பிராண்டு, அதே எழுத்து, அதே நிறம். ஆனால் துணி மெல்லிசு, உள்துணி கிடையாது, ஜிப் மட்டம், தையல் இடைவெளி அதிகம். தொழிற்சாலை நேரடி விற்பனைக் கடைகள் என்று பெயர் வைத்த பல இடங்களில் இன்று இருப்பதில் பெரும்பகுதி மிஞ்சிய சரக்கு அல்ல, அந்தக் கடைகளுக்காகவே தைத்தது. இப்படித் தைத்து விற்பதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் டேக்கில் மேலே கோடு போட்டு அடித்திருக்கும் பழைய விலைக்கு அந்தப் பொருள் எங்கேயும் ஒரு நாளும் விற்றிருக்காது. அப்படியிருக்க அதில் பாதி குறைத்திருக்கிறார்கள் என்பதற்கு என்ன அர்த்தம்? கண்டுபிடிக்க ஒரு வழி: அசல் தேங்கிய சரக்கு கண்டபடி வரும். ஒரு நிறம் மூன்று, இன்னொரு நிறம் ஒன்று, நடு அளவு இல்லை. ஒரே சட்டை எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் வரிசையாகத் தொங்கினால் அது மிஞ்சியது அல்ல, செய்து வந்தது. இன்னொரு அடையாளம், கழுத்துப் பட்டையில் இருக்கும் பிராண்டு லேபிள். அசல் மிச்சச் சரக்கில் பல சமயம் லேபிளைக் குறுக்கே வெட்டியிருப்பார்கள், அல்லது அழியாத மையால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். இங்கே வாங்கி அந்தப் பிராண்டின் கடையில் முழு விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. வெட்டிய லேபிளைப் பார்த்து குறையுள்ள துணி என்று பலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். புத்தகத்திலும் இதே போல உண்டு: பதிப்பகம் கழித்துவிட்ட பிரதியில், தாள்களின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடோ புள்ளியோ இருக்கும். உள்ளே ஒரு பக்கமும் குறையாது.

டேக்கில் உள்ள விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பை நிறைவது அங்கேதான். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் இன்பத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அந்தப் பொருளால் கிடைக்கும் பயன். மற்றொன்று, நல்ல பேரம் கிடைத்தது என்ற சந்தோஷம். இரண்டாவது இன்பத்துக்குப் பொருள் தேவையே இல்லை. அடித்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவில் உள்ள தூரம் போதும். 2017-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நீங்கள் பிரிக்காமலே வைத்திருக்கும் சாமான்கள் எல்லாம் இந்த இரண்டாவது இன்பத்துக்காக வாங்கியவை. பில் போட்ட நிமிடமே அவற்றின் வேலை முடிந்துவிட்டது. உங்களிடம் ஏதோ பலவீனம் இருக்கிறது என்று இதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் மனம் அப்படித்தான் இயங்குகிறது; கடைக்காரர்களுக்கு அது தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதற்கு இரண்டு உதாரணம். எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உடையை அஞ்சல் விற்பனைப் பட்டியலில் 34 டாலர், 39 டாலர், 44 டாலர் என்று மூன்று விலையில் போட்டுப் பார்த்தார்கள். அதிகம் விற்றது 34-ல் அல்ல, 39-ல். கடைசி இலக்கம் 9 என்பதே மலிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று, 2012-ல் அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம் செய்த மாற்றம். கூப்பனும் தள்ளுபடித் திருவிழாவும் வேண்டாம், தினமும் நேர்மையான குறைந்த விலை என்று அறிவித்தார்கள். அந்த வருடம் விற்பனை சுமார் 25 சதவீதம் விழுந்தது. மாற்றத்தைக் கொண்டுவந்த தலைமை அதிகாரி ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது. குறைந்த விலை மட்டும் மக்களுக்குப் போதவில்லை, அடித்த விலையும் பக்கத்தில் வேண்டியிருந்தது. விலையை ஏற்றி உடனே இறக்கிக் காட்டும் வித்தை பெருகியதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: விலையைக் குறைத்திருக்கிறோம் என்று அறிவிக்கும் கடை, அதற்கு முன்பு குறைந்தது முப்பது நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நல்ல விதி. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு காரியம் செய்யலாம்: அடித்த விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கொடுக்கப் போகும் விலையை மட்டும் பாருங்கள். தள்ளுபடி என்ற சொல்லே இல்லாமல் இந்த விலைக்கு இதை வாங்குவேனா? இல்லை என்றால் வைத்துவிடலாம்.

கணக்கிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 50 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 20 சதவீதம் என்றால் 70 ஆகாது. நூறு ஐம்பதாகி, ஐம்பதில் பத்து கழிந்து நாற்பது, அதாவது தள்ளுபடி 60 சதவீதம்தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதுவும் மூன்று உங்களுக்குத் தேவையாக இருந்தால் மட்டும். பெரிய பொட்டலம் எப்போதும் லாபம் என்பதும் நிச்சயமில்லை. நூறு கிராமுக்கு என்ன, நூறு மில்லிக்கு என்ன என்று வகுத்துப் பாருங்கள். சில சமயம் சிறிய பொட்டலம்தான் மலிவாக இருக்கும்.

எதை எடுத்தாலும் ஒரே விலை என்னும் கடைகளில் இந்த வகுத்தல் இன்னும் அவசியம். இது பழைய உத்தி. ஃபிராங்க் உல்வொர்த் 1879-ல் அமெரிக்காவில் எல்லாம் ஐந்து சென்ட் என்று கடை போட்டு வெற்றி கண்டார். ஜப்பானில் ஹிரோடாகே யானோ 1977-ல் தொடங்கிய டைசோ நிறுவனம் எல்லாம் நூறு யென் என்ற வழியில் வளர்ந்தது. விலையை அசைக்க முடியாது என்றால் அளவைத்தான் அசைக்க வேண்டும். அதனால் அங்கே டூத்பேஸ்ட் குட்டையாக இருக்கும், நூல்கண்டு மெலிந்திருக்கும், அலுமினியத் தாள் சுருள் சில மீட்டரில் முடியும். அதே கடையில் அளவைக் குறைக்க முடியாத பொருளும் உண்டு: வாழ்த்து அட்டை, பரிசு சுற்றும் தாள், கோப்புறை, துணி மாட்டும் ஹேங்கர், புகைப்படச் சட்டம், கண்ணாடி ஜாடி. இவற்றில் மலிவு உண்மையான மலிவு.

இனி கைக்கு வருவோம். ஒரு சட்டையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், துணி வகை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். நல்ல தையலில் ஓரம் மடித்துத் தைத்திருக்கும், அல்லது ஓவர்லாக் நெருக்கமாக ஓடியிருக்கும், நூல் தொங்காது. தோளும் கையும் சேரும் இடத்தை இரண்டு கையால் மெதுவாக இழுங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் நாலு சலவைக்குமேல் தாங்காது. கட்டம் போட்ட துணியானால் பையின் கட்டமும் உடம்பின் கட்டமும் நேராகச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்க்க வேண்டுமானால் துணி கூடுதலாகச் செலவாகும். செலவு செய்தவர் மற்ற இடத்திலும் செய்திருப்பார். பிறகு துணியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள், கையின் நிழல் தெளிவாகத் தெரிகிறதா? உள்ளங்கையில் கசக்கிப் பத்து விநாடி வைத்து விடுங்கள், மடிப்பு எப்படி விரிகிறது என்று பாருங்கள். கடைசியில் பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிள்: துணியின் கலவை, துவைக்கும் முறை. டிரைகிளீன் மட்டும் என்று இருந்தால், சட்டைக்கு மிச்சம் பிடித்ததை டிரைகிளீன் கடையில் கொடுக்க வேண்டியிருக்கும். கால்சட்டையில் இவற்றோடு ஜிப்பைப் பத்து தடவை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். துண்டு வாங்கும்போது எடையைக் கையால் உணருங்கள். ஓரத்தை இழுத்தால் சுருங்கிக்கொண்டு போகும் துண்டு முதல் சலவையிலேயே கோணலாகிவிடும்.

பேட்டரி ஒரு தனிப் பாடம். மலிவுக் கடையில் எட்டுப் பேட்டரி அட்டையில் ஒட்டித் தொங்கும், பக்கத்தில் நல்ல பிராண்டு நாலு அதே விலையில் இருக்கும். எட்டுதானே லாபம் என்று தோன்றும். மலிவானதில் பெரும்பாலும் 'ஹெவி டூட்டி' என்று எழுதியிருக்கும். ஏதோ கூடுதல் சக்தி போலக் கேட்கிறது. அது பழைய துத்தநாகக் கார்பன் வகை. அல்கலைன் வகை அதைவிடப் பல மடங்கு நாள் வரும், அதுவும் கேமரா, ஓடும் பொம்மை மாதிரி மின்சாரம் அதிகம் இழுக்கும் சாமானில். பேட்டரியின் உடம்பில் சின்ன எழுத்தில் குறியீடு இருக்கும்: டபுள் ஏ அளவில் 'எல்ஆர்6' என்றால் அல்கலைன், வெறும் 'ஆர்6' என்றால் கார்பன். மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவில்லை என்றால் எடையே சொல்லிவிடும். அல்கலைன் சுமார் 23 கிராம், கார்பன் அதைவிடத் தெளிவாக லேசு. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் கார்பன் வகையே போதும். மற்றதுக்கு வேண்டாம். கார்பன் வகை தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் சீக்கிரம் கசியவும் செய்யும்.

மின்சாரம் பாயும் சாமானில் நான் சமரசமே செய்வதில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர், சார்ஜர், ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி இவற்றில் முகம் தெரியாத பிராண்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பார்வைக்குக் கனமான ஒயருக்குள் செம்பு நூலளவுதான் இருக்கலாம். அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கலாம். தரம்தாழ்ந்த ஒயர் சூடாகும், உறை உருகும், அதற்குமேல் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தெரிந்த பிராண்டு, பாதுகாப்புத் தரச் சான்று முத்திரை, ஒயர் உடம்பில் அதன் தடிமன் அச்சிட்டிருப்பது, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் தள்ளுபடியில் எடுக்கலாம். ஹெல்மெட்டும் குழந்தைகளுக்கான கார் இருக்கையும் அப்படியே: ஒருமுறை அடிபட்டதா, கீழே விழுந்ததா என்று வெளியே தெரியாது. மருந்து வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைகள் வாய்க்குள் வைக்கும் பொம்மையில் பெயிண்ட் உரிகிறதா, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சின்ன வட்டப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும்.

முகத்துக்கும் தலைக்கும் பூசும் பொருள்களில் மூடி திறந்த ஜாடி போல ஒரு சின்னப் படம் இருக்கும், அதற்குள் 6எம், 12எம் என்று எழுதியிருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் என்பது அது. திறக்காமல் எத்தனை நாள் கிடங்கில் இருந்தது என்பதைத் தயாரித்த தேதிதான் சொல்லும். தேதியின்மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடைப் பணியாளரிடம் கேளுங்கள். தயங்கினால் எடுக்க வேண்டாம்.

எப்போது போவது என்று பலர் கேட்பார்கள். இதற்குச் சரித்திரத்தில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. பாஸ்டன் நகரத்தில் 1909-ல் தொடங்கிய ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட் என்ற கடையில், ஒவ்வொரு டேக்கிலும் சரக்கு கடைக்கு வந்த தேதி இருக்கும். பன்னிரண்டு விற்பனை நாள் கழிந்தால் விலை தானாகவே 25 சதவீதம் குறையும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு 50, இருபத்துநாலுக்குப் பிறகு 75. முப்பது நாள் ஆகியும் விற்கவில்லை என்றால் தர்மத்துக்குப் போய்விடும். வாங்குகிறவர் முன்னால் எல்லாம் வெளிப்படை. இன்னும் ஆறு நாள் பொறுத்தால் பாதி விலை. ஆனால் அதற்குள் வேறு ஒருவர் கொண்டுபோய்விடலாம். இன்றைய கடைகள் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு படி வைத்திருக்கிறது. ஸ்டிக்கரின் நிறம் மாறும், அல்லது விலையின் கடைசி இலக்கம் மாறும். ஒரே கடைக்கு நாலைந்து தடவை போனால் அந்த மொழி பிடிபடும். ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கராக மூன்று ஒட்டியிருந்தால் அது கடைசிப் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய பொருள், ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் இப்போதே எடுங்கள். இருபது கிடக்கிறது என்றால் பொறுங்கள்.

கடைப் பணியாளரிடம் மரியாதையாகக் கேட்டால் லாரி எந்த நாள் வரும் என்று சொல்வார்கள். அதற்கு அடுத்த நாள் காலை கடை அமைதியாக இருக்கும், சரக்கு புதிதாக இருக்கும், அவர்களுக்கும் உங்களுடன் பேச நேரம் இருக்கும். சனி ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நின்று தையலைப் பார்க்க முடியாது.

இறுதித் தள்ளுபடியில் போகும் பொருளைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் பில் போடும் முன்பே சோதனையை முடித்துவிட வேண்டும். பெட்டியைத் திறந்து உதிரிகளை எண்ணுங்கள். மேஜையோ அலமாரியோ பிரித்து வந்ததானால் ஸ்க்ரூ பொட்டலமும் விளக்கத்தாளும் இருக்கின்றனவா பாருங்கள். கண்ணாடியை விரல்நகத்தால் தட்டினால் மணி மாதிரிக் கேட்க வேண்டும், சத்தம் செத்துக் கேட்டால் எங்கேயோ விரிசல். அடி தட்டையான வாணலியைச் சமமான இடத்தில் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். கைப்பிடி ரிவெட் அடித்ததா, வெறும் ஸ்க்ரூவா என்றும். மின்சாதனத்தைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். போவதற்கு முன் ஒருநாள் வெறும் வீட்டில் டேப்போடு சுற்றி வாருங்கள். ஜன்னல் அகலம், திரை தொங்க வேண்டிய நீளம், சமையலறை அலமாரியின் ஆழம், கட்டிலின் அளவு எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொள்ளுங்கள். போன முறை நீங்கள் பிரிக்காமல் வைத்திருப்பதில் திரைச்சீலை இருக்கிறதா என்று பாருங்கள்; அளவு தெரியாமல் வாங்கி மடித்து வைப்பதில் அதுதான் எல்லா வீட்டிலும் முதலிடம். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வேறு கடையில் அதன் சாதாரண விலையையும் எழுதுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால், டேக்கில் அடித்த விலை எதுவாக இருந்தாலும் உங்களை அசைக்காது. கடைக்குள் போனதும் தள்ளுவண்டியை எடுக்காமல் கைக்கூடையை எடுங்கள். கை வலிக்கும்போது இது வேண்டுமா என்று மறுபடி ஒரு யோசனை வரும்.

முதல் தடவை டம்ளர், தட்டு, துண்டு, பெட்டிகள், ஹேங்கர், மிதியடி, துடைக்கும் துணி இவற்றை எடுங்கள். அடுத்த தடவை திரையும் படுக்கை விரிப்பும். விரிப்பில் நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் என்ற கணக்கு) ஆயிரம் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். முறுக்கிய நூலில் உள்ள இழைகளைத் தனித்தனியாக எண்ணி அந்தக் கணக்கைக் காட்டியிருப்பார்கள். விரலுக்கு நடுவில் தேய்த்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உங்கள் கைக்கே தெரியும். கத்தி, வாணலி, தினமும் உட்காரும் நாற்காலி, இவற்றை அவசரமில்லாமல் தேடுங்கள். நூறுக்கு வாங்கி ஐந்து தடவை பயன்பட்டால் ஒரு தடவைக்கு இருபது. நானூறுக்கு வாங்கி இருநூறு தடவை பயன்பட்டால் ஒரு தடவைக்கு இரண்டுதான். மெத்தையை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சுருட்டி, காற்றை உறிஞ்சி, பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்த மெத்தை அப்படியே எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதிக நாள் நசுங்கிக் கிடந்த நுரை முழு உயரத்துக்கு எழும்பாமலே போகலாம். தயாரித்த தேதி தெரிகிற இடத்தில், படுத்துப் பார்த்து, திருப்பி எடுப்பதாக எழுதிக் கொடுத்த பில்லோடு வாங்குங்கள்.